அரையிறுதிக் கணக்கும் எட்டாம் ஆட்டமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டமொன்றின் காற்பந்து அணியைச் சிறு வயது முதல் பின்தொடர்ந்து வரும் தம்பி ஒருவர் தம் கடிதத்தில் என்னிடம் கேட்டது இது: "எங்கள் வட்டார லீக்கில் பத்து அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளுடன் ஒருமுறை ஆட வேண்டும். முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். ஆறு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. முதல் ஆறு இடங்களில் உள்ள அணிகளின் புள்ளிகள் 16, 13, 12, 11, 10, 6. பத்துப் புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் இருப்பது நாங்கள். முதல் நான்கு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. பிறகு இரண்டாம் இடத்து அணியிடம் 0-1, மூன்றாம் இடத்து அணியிடம் 0-4 எனத் தொடர்ந்து தோற்றுவிட்டோம். இனி ஒன்பதாம் இடத்து அணி, நான்காம் இடத்து அணி, கடைசியாக முதலிடத்து அணி. அந்தக் கடைசி ஆட்டத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. எங்களுக்கு வாய்ப்பு உண்டா அண்ணா? அந்த ஆட்டத்துக்கு வேன் பிடித்து, உறுமி மேளத்தோடு ஆட்களை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம்."

தம்பி, வாய்ப்பு உண்டு, அதுவும் நீங்கள் நினைப்பதைவிட நல்ல வாய்ப்பு. ஆனால் உங்கள் கவலை தவறான ஆட்டத்தின்மேல் இருக்கிறது. உங்கள் பருவத்தை முடிவு செய்யப்போவது முதலிடத்து அணியுடன் ஆடும் ஒன்பதாம் ஆட்டம் அன்று. நான்காம் இடத்து அணியுடன் ஆடும் எட்டாம் ஆட்டமே. நீங்கள் அனுப்பிய அட்டவணையை வைத்தே அதைக் காட்டுகிறேன்.

நான்காம் இடத்து அணிக்கு எஞ்சியிருப்பவை முதலிடத்து அணி, நீங்கள், கடைசி இடத்து அணி. வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. அடுத்த வாரம் நீங்கள் ஒன்பதாம் இடத்து அணியை வென்றால் 13 புள்ளிகளுக்கு வருவீர்கள். அதே வாரத்தில் அவர்கள் முதலிடத்து அணியிடம் தோற்றால் 11 புள்ளிகளிலேயே நிற்பார்கள். அந்த நிலையில் எட்டாம் ஆட்டத்தில் அவர்களை வென்றுவிட்டால் உங்களுக்கு 16 புள்ளிகள். அதற்குப் பிறகு அவர்கள் எட்டக்கூடிய உச்சம் 14 மட்டுமே. ஆறாம் இடத்து அணி மூன்று ஆட்டங்களையும் வென்றாலும் 15ஐத் தாண்ட முடியாது. அதாவது உங்களைத் தூங்க விடாத அந்தக் கடைசி ஆட்டம் தொடங்கும் முன்பே உங்கள் அரையிறுதி இடம் உறுதியாகிவிடும். அவர்கள் முதலிடத்து அணியுடன் சமநிலை கண்டாலும் இந்த முடிவு மாறாது, ஏனெனில் அப்போதும் அவர்களின் உச்சம் 15தான்.

அவர்கள் முதலிடத்து அணியை வென்றுவிட்டால் மட்டும் கணக்கு சற்றுச் சிக்கலாகும். அப்போது உங்களிடம் தோற்ற பிறகும் 14 புள்ளிகளில் இருப்பார்கள். கடைசி இடத்து அணியை வென்று 17க்குச் செல்லக்கூடும். அந்நிலையிலும் 16 புள்ளிகளுடன் நிற்கும் நீங்கள் வெளியேற வேண்டுமென்றால், மற்ற நான்கு அணிகளுமே 16ஐ எட்டியாக வேண்டும். மூன்றாம் இடத்து அணியைப் பாருங்கள்: அவர்கள் அடுத்த இரு வாரங்களில் இரண்டாம் இடத்து அணியையும் முதலிடத்து அணியையும் அடுத்தடுத்துச் சந்திக்கிறார்கள். இரண்டிலும் தோற்றால், கடைசி ஆட்டத்தை வென்றாலும் அவர்களால் 15க்குமேல் போக முடியாது. ஆகவே உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்றன்று, இரண்டு. இதை உங்கள் ஆட்டக்காரர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள். அட்டவணையில் ஐந்தாம் இடம் என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து மனம் தளர்ந்திருப்பவர்கள் அவர்களிலும் இருக்கக்கூடும்.

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். எட்டாம் ஆட்டத்தில் சமநிலை கண்டால் என்ன ஆகும்? உங்களுக்கு 14, முதலிடத்து அணியிடம் தோற்றிருந்தால் அவர்களுக்கு 12. பார்ப்பதற்கு நீங்கள் மேலே இருப்பீர்கள். ஆனால் அவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது பட்டியலின் அடியில் கிடக்கும் அணி, உங்களுக்குக் கிடைப்பது பட்டியலின் தலைமை அணி. அவர்கள் வென்று 15க்குப் போய்விட்டால், நீங்கள் முதலிடத்து அணியிடமிருந்து ஒரு புள்ளியையாவது பறித்தே ஆக வேண்டும். அதனால் அந்தச் சமநிலை அவர்களுக்குத்தான் லாபம். வெற்றிக்கு மூன்று புள்ளிகள் என்ற முறையை இங்கிலாந்து 1981இல் கொண்டுவந்தது. உலகக் கிண்ணத்தில் அது 1994இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று. "தோற்காமல் இருந்தாலே போதும்" என்று திடல் ஓரத்தில் நின்று பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு. அன்று சமநிலை பாதி வெற்றி, இன்று மூன்றில் ஒரு பங்குதான். எட்டாம் ஆட்டத்தில் எழுபதாம் நிமிடம் வரை 0-0 என்று இருந்தால், உங்கள் பயிற்றுநர் தற்காப்பு ஆட்டக்காரரை வெளியே எடுத்துத் தாக்குபவரை உள்ளே விட வேண்டும். அவருக்கு அந்தத் துணிவு வரவேண்டுமானால் இந்தக் கணக்கு அன்று மாலை வேகவேகமாகப் போடப்படுவதாக இருக்கக் கூடாது. இப்போதே அவர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

இரண்டு தொடர் தோல்விகளைப் பற்றி நீங்கள் அஞ்சுவது இயல்பு. நான்கு கோல் வாங்கிய அணி மறு வாரம் திடலில் இறங்கும்போது கால் கனக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் 2010ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தென்கிழக்காசியக் கிண்ணத்துக்காக கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி, முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. மூன்று ஆட்டங்களே கொண்ட பிரிவில் அதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. அடுத்த ஆட்டத்தில் ராஜகோபாலின் அணி தாய்லாந்துடன் 0-0 என்று முடித்தது. அந்த ஒரு புள்ளிதான் மலேசியாவை உயிரோடு வைத்தது என்பது என் எண்ணம். ஐந்து கோல் வாங்கிய தற்காப்பு வரிசை, அடுத்த ஆட்டத்திலேயே தாய்லாந்தை ஒரு கோலும் போட விடாமல் நிறுத்தியது. கடைசி நாளில் லாவோஸை 5-1 என்று வென்றார்கள். அதே நேரத்தில் தாய்லாந்து இந்தோனேசியாவிடம் 1-2 என்று தோற்றது. நான்கு புள்ளிகளுடன் மலேசியா பிரிவில் இரண்டாவதாக வந்து அரையிறுதிக்குப் போனது. அங்கே வியட்நாமை மொத்தக் கணக்கில் 2-0 என்று கடந்தது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே இந்தோனேசியா. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்று, 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தத்தில் 4-2 என்று கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். மறுநாளில் இருந்தே நம் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் அந்த அணியின் தாக்குதல் ஆட்டக்காரர் சாஃபி சாலியின் பெயரைச் சொல்லிக்கொண்டு திடலில் ஓடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கிலாந்திலும் அண்மையில் ஒரு சான்று உண்டு. 2024-25 பருவத்தில் சண்டர்லாண்டு அணி இரண்டாம் நிலை லீக்கில் தன் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்றுவிட்டுத்தான் நான்காம் இடத்து அணியாக, மேல் லீக்குக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அரையிறுதியில் கொவென்ட்ரியைக் கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில் கடந்தது. வெம்பிளி இறுதியாட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரிமியர் லீக்குக்கு ஏறியது. சண்டர்லாண்டுக்கு அந்த ஐந்து தோல்விகளுக்கு முன்பே இடம் கையில் இருந்தது, உங்களுக்கு இல்லை என்ற வேறுபாட்டை மறைக்க மாட்டேன். ஆனால் அண்மைய தோல்வி அடுத்த ஆட்டத்தின் முடிவை எழுதிவைத்துவிடுவதில்லை என்பதற்கு அது போதுமான சான்று. மேலும், நீங்கள் தோற்றது இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகளிடம். உங்களுக்குக் கீழே உள்ள எவரிடமும் தோற்கவில்லை.

அந்த 0-4 ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணை உறுத்தியது: பின்வரிசை ஆட்டக்காரர் மூவர் ஆலையில் ஷிப்ட் வேலை என்பதால் வரவில்லை. அப்படியானால் அந்தத் தோல்வியின் பெரும்பகுதி ஆட்டத்திறனைச் சேர்ந்ததன்று, வேலை அட்டவணையைச் சேர்ந்தது. தோட்ட அணிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாக வரும் நோய். காலையில் குலை வெட்டிவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள் ஒருபுறம். ஈப்போவிலும் பினாங்கிலும் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊருக்கு வருகிறவர்கள் மறுபுறம். எட்டாம் ஆட்டத்தின் தேதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இன்றே அந்த மூவரும் தங்கள் மேற்பார்வையாளரிடம் பேசி, வேறொருவருடன் ஷிப்டை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யட்டும். முந்தைய நாள் இரவு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். இரண்டு வாரம் முன்பே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். உங்களைப் போன்ற ஆதரவாளர்கள் அணிக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து மஞ்சள் அட்டை. உங்கள் லீக்கில் இரண்டு தனித்தனி ஆட்டங்களில் மஞ்சள் அட்டை வாங்கினால் ஓர் ஆட்டத் தடை என்றும், உங்கள் நடுத்திடல் தலைவருக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான். ஏழாம் ஆட்டத்தில், அதுவும் ஒன்பதாம் இடத்து அணிக்கு எதிராக, தேவையில்லாத இடத்தில் காலை நீட்டி அவர் இரண்டாம் அட்டையை வாங்கினால், பருவத்தின் தலையாய ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருப்பார். 2002 உலகக் கிண்ண அரையிறுதியில் ஜெர்மனியின் மைக்கேல் பல்லாக் தென்கொரியாவுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டார். அதே ஆட்டத்தில் சற்று முன்பு வாங்கிய மஞ்சள் அட்டையால் பிரேசிலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. ஜெர்மனி 0-2 என்று தோற்றது. பல்லாக் அந்தத் தவற்றைச் செய்தது எதிரணி கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, அணியைக் காப்பாற்றுவதற்காக. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவரோடு வாக்குவாதம் செய்தும், ஃப்ரீகிக் எடுக்கவிடாமல் பந்தைத் தட்டிவிட்டும் வாங்கும் அட்டைக்கு எந்த நியாயமும் இல்லை. அவரை ஏழாம் ஆட்டத்தில் உட்கார வைக்கச் சொல்ல மாட்டேன், ஏனெனில் அந்த ஆட்டத்தையும் நீங்கள் வென்றாக வேண்டும். முதற்பாதியில் ஆடட்டும்; இரண்டு கோல் முன்னிலை கிடைத்த உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏழாம் ஆட்டத்தை இலேசாக எண்ணிவிடவும் கூடாது. அங்கே சமநிலை கண்டால், எட்டாம் ஆட்டத்தை வென்ற பிறகும் 14 புள்ளிகளே இருக்கும். நான்காம் இடத்து அணியும் அதே 14ஐ எட்டிவிடலாம், ஆறாம் இடத்து அணிக்கும் உயிர் வந்துவிடும். கீழே இருக்கும் அணி பத்துப் பேரைத் தன் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தி வைக்கும். மழையில் ஊறிய திடலில் நடுவழியாகச் சிறு சிறு பாஸ்களில் உள்ளே போக முயன்றால் பந்து சேற்றில் நின்றுவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் பந்துகள், கார்னர், ஃப்ரீகிக் இவற்றை இந்த வாரப் பயிற்சியில் அதிகமாகச் செய்யச் சொல்லுங்கள்.

கோல் வித்தியாசத்தில், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால், உங்களுக்கு +5, நான்காம் இடத்து அணிக்கு +2 என்பது இப்போதைக்கு நல்ல செய்திதான். ஆனால் அதைச் சேமிப்பு என்று எண்ணி அசந்துவிடாதீர்கள். 2020 ஜூலை 22 அன்று, இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கின் கடைசி நாள் தொடங்கியபோது, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி சுவான்சி சிட்டியைவிட மூன்று புள்ளிகள் மேலே இருந்தது. கோல் வித்தியாசத்திலும் ஐந்து அதிகம். அன்று ஃபாரஸ்ட் தன் சொந்தத் திடலில் ஸ்டோக் சிட்டியிடம் 1-4 என்று தோற்க, சுவான்சி ரெடிங்கை 4-1 என்று வென்றது. இரண்டுக்கும் 70 புள்ளிகள். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் சுவான்சி பிளேஆஃபுக்குப் போனது. ஆகவே தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்திலும் 0-2ஐ 0-4 ஆக விடாமல் தடுப்பது வீண் வேலையன்று. வெற்றி உறுதியான பிறகு இன்னொரு கோலைத் தேடுவதும் எதிரணியை அவமதிப்பது ஆகாது.

புள்ளிகள் சமமானால் உங்கள் லீக் முதலில் எதைப் பார்க்கிறது என்பதைப் போட்டி விதிமுறையில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சில போட்டிகளில் கோல் வித்தியாசம் முதலில் வரும். சிலவற்றில் இரு அணிகளும் நேரடியாக மோதிய ஆட்டத்தின் முடிவு முதலில் வரும். நேரடி முடிவுதான் முதல் என்றால் எட்டாம் ஆட்டத்தின் மதிப்பு இரட்டிப்பாகும். எல்லாமே சமமாகிவிட்டால் அட்டைகளை எண்ணும் விதியும் உண்டு. 2019 ஆசியக் கிண்ணத்தில் லெபனான் தன் கடைசி ஆட்டத்தில் வடகொரியாவை 4-1 என்று வென்றும் வெளியேறியது. வியட்நாமும் லெபனானும் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல் மூன்றிலும் சமம். மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் வியட்நாம் அடுத்த சுற்றுக்குச் சென்று, அங்கே ஜோர்டானையும் பெனால்டியில் வென்றது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கடைசி நாள் ஆட்டங்கள் எல்லாம் ஒரே திடலில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடந்தால், பின்னால் ஆடும் அணி தனக்கு எத்தனை கோல் தேவை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்கும். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை ஒரு நாள் முன்பே முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கிகோன் நகரில் ஆடின. மேற்கு ஜெர்மனி 1-0 என்று வென்றால் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. பத்தாம் நிமிடத்தில் கோல் விழுந்தது. அதன்பின் இரு தரப்பும் பந்தைத் தங்களுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் உலகக் கிண்ணத்தில் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குவது அதனால்தான். உங்கள் ஏற்பாட்டுக் குழுவிடம், குறைந்தது நான்காம் இடத்தோடு தொடர்புடைய இரண்டு ஆட்டங்களையாவது ஒரே நேரத்தில், பக்கத்துப் பள்ளித் திடலையும் சேர்த்துக்கொண்டு நடத்தும்படி இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். எட்டாம் ஆட்டம் முடிந்தபின் கேட்டால் உங்கள் நலனுக்காகக் கேட்பதாகத்தான் நினைப்பார்கள்.

மழையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மலேசியாவின் மேற்குக் கரையோரத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலானால் இடியும் மழையும்தான். விளக்கில்லாத திடலில் தாமதமானால் ஆட்டம் பாதியில் நிற்கும். காற்பந்தின் பொது விதிப்படி, கைவிடப்பட்ட ஆட்டம் முதலிலிருந்து மறுபடியும் ஆடப்பட வேண்டும். போட்டியின் சொந்த விதியோ ஏற்பாட்டாளரோ வேறு முடிவு செய்தால்தான் மாறும். நீங்கள் 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது மின்னல் வந்து ஆட்டம் நின்றால் அந்த இரண்டு கோல்களும் போய்விடக்கூடும். உங்கள் லீக்கில் அதற்கு என்ன விதி என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

முதலிடத்து அணியைப் பற்றி ஒரு சொல். அவர்கள் அடுத்த வாரம் நான்காம் இடத்து அணியை வென்றால் 19 புள்ளிகளுக்குப் போவார்கள். அந்த 19ஐ எட்டக்கூடியவை அதன்பின் மூன்று அணிகளே என்பதால் அவர்களின் அரையிறுதி அப்போதே உறுதி. கடைசி ஆட்டத்தில் சிலருக்கு ஓய்வு கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், முதலிடத்துக்காக அவர்கள் இன்னும் போராட வேண்டியிருக்கலாம். உங்கள் லீக்கில் அரையிறுதியில் முதலிடம் நான்காம் இடத்தைச் சந்திக்கும் என்பதால், ஒன்பதாம் ஆட்டத்தில் சந்தித்த அதே அணியையே நீங்கள் மறுபடியும் சந்திக்க நேரலாம். அரையிறுதி ஏற்கெனவே உறுதியாகியிருந்தால், அன்று கார்னரில் எடுக்கும் உத்திகளை எல்லாம் காட்டிவிட வேண்டாம் என்று பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

வேன், உறுமி மேளம் பற்றிக் கேட்டீர்கள். பணம் ஒரு பயணத்துக்குத்தான் இருக்கிறது என்றால், அதைக் கடைசி ஆட்டத்துக்கு வைக்காமல் எட்டாம் ஆட்டத்துக்குச் செலவிடுங்கள். ஆலை ஷிப்ட் முடிந்து நேராக வர வேண்டிய அந்த மூன்று பின்வரிசை ஆட்டக்காரர்களுக்கும் அதே வேனில் முதலில் இடம் ஒதுக்குங்கள்.